ஸ்லீப் 60

அந்த ஸ்கிரிப்டில் ஒரு வரி இருந்தது: ஸ்லீப் 60. ஹெச்டிஎஃப்எஸ் என்பது கோப்புகளைப் பிளாக் பிளாக்காக வெட்டி, பல சர்வர்கள் சேர்ந்த கிளஸ்டரில் நகல்களோடு சேமிக்கும் அமைப்பு. பிளாக்குகளைத் தாங்கும் சர்வர் டேட்டாநோடு; கணக்கு வைப்பது நேம்நோடு. டேட்டாநோடுகளை ஒவ்வொன்றாகப் புதுப்பிப்பதுதான் அந்த ஸ்கிரிப்டின் வேலை. ஒரு டேட்டாநோடை நிறுத்து, புது ஜாவாவைப் போடு, திரும்பக் கிளப்பு, போர்ட் (நெட்வொர்க் வாசல்) திறந்திருக்கிறதா பார், 60 நொடி பொறு, அடுத்த நோடுக்குப் போ. நான் எழுதியதுதான். பத்து நோடு கொண்ட சோதனை கிளஸ்டரில் பல மாதம் ஒரு தகராறும் இல்லாமல் ஓடியது. அந்த நம்பிக்கையில் ஒரு சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு அதை நிஜ கிளஸ்டரில் ஓடவிட்டேன். 96 டேட்டாநோடு, எட்டு ரேக் (சர்வர்களை அடுக்கும் அலமாரி), நோடு ஒன்றுக்கு 4 டெராபைட் டிஸ்க் பன்னிரண்டு.

கிளஸ்டரில் ஓடிக்கொண்டிருந்த கணக்கு வேலைகளில் முதலாவது பதினொன்று இருபதுக்கு விழுந்தது. அடுத்த ஐந்து நிமிடத்தில் நாற்பதுக்கு மேல் விழுந்துவிட்டன. எந்த லாகைத் திறந்தாலும் ஒரே செய்தி: பிளாக் கிடைக்கவில்லை. ஸ்கிரிப்ட் மட்டும் திரையில் பச்சை எழுத்தில் 'ஓகே', 'ஓகே' என்று எழுதிக்கொண்டே அடுத்த நோடுக்குப் போய்க்கொண்டிருந்தது. கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தினேன். நிறுத்திய பிறகும் கால் மணி நேரம் வேலைகள் விழுந்துகொண்டுதான் இருந்தன.

டேட்டாநோடு எழுந்ததும் முதலில் தன் டிஸ்க்குகளைத் துழாவி, தன்னிடம் என்னென்ன பிளாக் இருக்கிறது என்று கணக்கெடுக்கும். பிறகு நேம்நோடிடம் போய்ப் பதிவு செய்யும். பிறகு தன் பிளாக் பட்டியலைக் கொடுக்கும். இதெல்லாம் முடியும்வரை அதனிடம் யார் போய் டேட்டா கேட்டாலும் கிடைக்காது. ஆனால் போர்ட் எப்போதோ திறந்துவிட்டிருக்கும். சோதனை கிளஸ்டரில் டிஸ்க்குகள் முக்கால்வாசி காலி; கணக்கெடுப்பு சில நொடிகளில் முடிந்துவிடும். நிஜ கிளஸ்டரில் நோடு ஒன்றில் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேல் பிளாக்குகள். எழுந்து வேலைக்கு வர எட்டு நிமிடம் ஆனது. என் ஸ்கிரிப்ட் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு நோடு என்று போய்க்கொண்டிருந்தது. ஆகவே எந்த நேரத்தில் பார்த்தாலும் ஐந்தாறு நோடுகள் ஒன்றாகப் படுத்திருந்தன.

96ல் ஆறுதானே, ஒவ்வொரு பிளாக்குக்கும் மூன்று நகல் இருக்கிறதே என்று தோன்றும். அன்றிரவு எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மறுநாள் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 96 நோடுகளில் மூன்றைத் தேர்ந்தெடுக்க 1,42,880 வழிகள். படுத்திருக்கும் ஆறுக்குள்ளேயே மூன்றையும் தேர்ந்தெடுக்க 20 வழிகள். அதாவது, பின்னால் சொல்லப்போகும் ரேக் விதியைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், ஏறக்குறைய ஏழாயிரம் பிளாக்குக்கு ஒன்று மூன்று நகலையும் ஒரே சமயத்தில் இழந்து நிற்கும். சின்ன எண்தான். ஆனால் எங்களிடம் இருந்தது சுமார் நான்கு கோடி பிளாக். ஏழாயிரத்தில் ஒன்று என்றால் ஐந்தாயிரத்துச் சொச்சம் பிளாக்குகள் அந்த நேரத்தில் யாருக்கும் எட்டாது. ஒரு பெரிய வேலை ஆயிரக்கணக்கான பிளாக்குகளைப் படிக்கும். அதில் ஒன்று கிடைக்காவிட்டாலும் வேலை விழும். டேட்டா எதுவும் அழியவில்லை. ஆனால் இரவு முழுக்க ஓடவேண்டிய கணக்குகள் காலையில் இல்லை.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. டேட்டாநோடு 3 நொடிக்கு ஒருமுறை நேம்நோடுக்கு ஹார்ட்பீட் அனுப்பும். அது வராமல் 10 நிமிடம் 30 நொடி கடந்தால், அந்த நோடு செத்துவிட்டது என்று நேம்நோடு முடிவு கட்டும். அதிலிருந்த பிளாக்குகளுக்கெல்லாம் வேறு இடத்தில் புதிய நகல் எடுக்கச் சொல்லும். எங்கள் நோடுகளில் இரண்டுக்கு டிஸ்க் கொஞ்சம் தளர்ந்திருந்தது. எட்டு நிமிடத்தில் எழவேண்டியவை பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டன. அந்த ஒன்றரை நிமிட இடைவெளியில் நகலெடுப்பு தொடங்கி நெட்வொர்க்கை நிறைத்தது. நோடுகள் திரும்பி வந்ததும் எடுத்த நகல்கள் உபரி, அவற்றை அழிக்கும் வேலை வேறு. நான் நிறுத்திய பிறகும் வேலைகள் விழுந்ததற்குக் காரணம் இதுதான்.

அன்றிலிருந்து ஒன்று எனக்குத் தெளிவாக இருக்கிறது. கிளஸ்டர் தானியக்கத்தில் கஷ்டமான பகுதி காத்திருப்பது. பேக்கேஜைப் போடுவதற்கு, கான்ஃபிக்கை எழுதுவதற்கு, சர்வீசைக் கிளப்புவதற்கு ஆயிரம் கருவிகள் வந்துவிட்டன. ஒரு நோடுக்கும் அடுத்த நோடுக்கும் நடுவில் எவ்வளவு பொறுக்க வேண்டும், எதைப் பார்த்துவிட்டு நகர வேண்டும், எதைப் பார்த்தால் நின்றுவிட வேண்டும் என்பதைத்தான் நாம் ஒவ்வொரு சர்வீசுக்கும் தனித்தனியாக எழுத வேண்டியிருக்கிறது.

எழுதி முடித்த பிறகு எங்கள் காத்திருப்பு இப்படி ஆனது. நோடு கிளம்பியதும் போர்ட்டைப் பார்ப்பதோடு விடாமல் நேம்நோடு தன் நிலவரத்தைக் காட்டும் ஜேஎம்எக்ஸ் பக்கத்தைக் கேட்கிறோம். உயிருள்ள நோடுகளின் பட்டியலில் இது இருக்கிறதா? இதன் பிளாக் எண்ணிக்கை நிறுத்துவதற்கு முன் குறித்து வைத்த எண்ணுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டதா? மொத்த கிளஸ்டரில் காணாமல்போன பிளாக் பூஜ்யமா? நகல் குறைந்த பிளாக்குகள் ஆரம்பத்தில் இருந்த அளவுக்கு இறங்கிவிட்டதா? நான்கும் சரி என்றால் நகரும். 25 நிமிடத்தில் நான்கும் சரியாகவில்லை என்றால் அப்படியே நிற்கும், எங்களுக்குச் செய்தி அனுப்பும். தானாக எதையும் சரிசெய்ய முயலாது. இந்தக் கடைசி விதிக்காக நான் நிறைய வாதாடியிருக்கிறேன். நோய் என்னவென்று தெரியாமல் ஸ்கிரிப்ட் கொடுக்கும் மருந்து, பாதி நேரம் இரண்டாவது நோயாகிவிடுகிறது.

ஒவ்வொன்றாகப் போனால் 96 நோடுக்கு எட்டெட்டு நிமிடம், மொத்தம் பதின்மூன்று மணி நேரம். ஓர் இரவுக்குள் அடங்காது. இங்கேதான் ரேக் கைகொடுத்தது. ரேக் விவரத்தைச் சரியாகக் கொடுத்திருந்தால், ஹெச்டிஎஃப்எஸ் ஒரு பிளாக்கின் மூன்று நகலையும் ஒரே ரேக்கில் வைக்காது. ஒன்று ஒரு ரேக்கில், மற்ற இரண்டும் வேறொரு ரேக்கில். ஆகவே ஒரு முழு ரேக்கையும் ஒன்றாக நிறுத்தினாலும் ஒவ்வொரு பிளாக்குக்கும் குறைந்தது ஒரு நகல் வெளியே இருக்கும். என் பழைய ஸ்கிரிப்ட் நோடுகளைப் பெயர் வரிசையில் எடுத்தது. பெயரில் உள்ள எண் வாங்கிய வரிசை. அதற்கும் ரேக்குக்கும் தொடர்பே கிடையாது. அதாவது ரேக்குகளின் குறுக்கே சிதறி நிறுத்தியிருக்கிறேன். இருப்பதிலேயே மோசமான வரிசை அதுதான். ரேக் ரேக்காகப் போகும்படி மாற்றியதும் மொத்த வேலையும் இரண்டு மணி நேரத்துக்குள் வந்தது. நடுவில் ஒரு நகலை மட்டும் நம்பி நிற்கும் பிளாக்குகள் இருக்கும் என்பதால், நாங்கள் ரேக்கை முழுதாக நிறுத்தாமல் பாதிப் பாதியாக எடுக்கிறோம். நான்கு மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்தை நான் மனதாரக் கொடுக்கிறேன்.

முதல்முறை நிறுவுவதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. 1993ல் சிஎஃப்எஞ்சின், 2005ல் பப்பெட், பிறகு ஷெஃப், 2012ல் ஆன்சிபிள் என்று நிறுவும் கருவிகள் வந்து, இந்தக் கலை நன்றாகவே வளர்ந்துவிட்டது. எதைச் செய் என்று சொல்லாமல், முடிவில் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது. பத்துமுறை ஓட்டினாலும் ஒருமுறை ஓட்டியதுபோலவே முடிவது. இந்த இரண்டும் பிடிபட்டால் காலி சர்வர்களைக் கிளஸ்டராக்குவது ஒரு நாள் வேலை.

ஆனால் அதே பிளேபுக்கை (ஆன்சிபிளுக்கு எழுதும் வேலைப் பட்டியல்) இரண்டாம் நாள் ஓட்டும்போது காலி சர்வர் இல்லை, டேட்டா உள்ள சர்வர். இந்த வித்தியாசத்தை எங்களுக்கு உணர்த்தியது ஒரே ஒரு நிபந்தனை. நேம்நோடின் மெட்டாடேட்டா (கோப்புகளின் கணக்கு) டைரக்டரி காலியாக இருந்தால் ஃபார்மாட் செய் (புதிதாகத் தொடங்கு) என்று எழுதி வைத்திருந்தோம். முதல் நாளுக்கு மிகச் சரியான விதி. ஒருநாள் ஒரு ஸ்டாண்ட்பை நேம்நோடு (மாற்றாகக் காத்திருக்கும் நேம்நோடு) ரீபூட் ஆனபோது அந்த டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை, அதாவது டைரக்டரியோடு இணையவில்லை. மவுன்ட் ஆகாத டைரக்டரி பார்வைக்குக் காலிதானே. பிளேபுக் ஃபார்மாட் வரிக்கு வந்து நின்றபோது கூட வேலை பார்க்கும் பெண் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இது எதுக்கு ஃபார்மாட்டுக்குப் போகுது? நேத்துவரை இதுல எல்லாம் இருந்துச்சே."

"நிறுத்துங்க. எதையும் தொடாதீங்க, மவுன்ட் இருக்கான்னு பாருங்க."

"இல்ல. பன்னிரண்டாவது வரி, டைரக்டரி காலின்னு சொல்லுது. ஆனா டிஸ்க்கே ஏறல."

மற்ற நேம்நோடு உயிரோடு இருந்ததால் பெரிய சேதம் வந்திருக்காது என்று அப்போது சொல்லிக்கொண்டோம். ஆனால் ஒரே நேம்நோடு மட்டும் உள்ள இடத்தில் இதே வரி இருந்திருந்தால், அது புது கிளஸ்டர் ஐடியோடு ஒரு காலி உலகத்தைப் படைத்திருக்கும். ஐடி பொருந்தவில்லை என்று டேட்டாநோடுகள் ஒவ்வொன்றும் அதோடு சேர மறுத்திருக்கும். அன்றே அந்த வரியை எடுத்தோம். ஃபார்மாட் இப்போது தனி பிளேபுக்கில் இருக்கிறது; கிளஸ்டரின் பெயரைக் கையால் அடித்தால்தான் ஓடும். டேட்டா டிஸ்க்குகளுக்கும் ஒரு காப்பு போட்டோம்: மவுன்ட் ஆகவேண்டிய ஒவ்வொரு டைரக்டரியையும், டிஸ்க் ஏறாத நிலையில், யாரும் எழுத முடியாதபடி பூட்டிவிட்டோம். இல்லையென்றால் டிஸ்க் ஏறாத நோடு, டேட்டாவை இயங்குதளம் உள்ள ரூட் டிஸ்க்கில் எழுதி அதை நிரப்பிவிடும்.

வெப் சர்வர் உலகத்திலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள்: எதற்கு இந்தப் பாடு, பழைய சர்வரைத் தூக்கிப் போட்டுவிட்டு புது இமேஜோடு (தயாராக அமைத்த டிஸ்க் பிரதி) ஒன்றைக் கிளப்பினால் என்ன? நல்ல கேள்விதான். 12 டிஸ்க், 4 டெராபைட் வீதம் 48 டெராபைட். நிறைந்திருக்கும் அத்தனையையும் 10 கிகாபிட் நெட்வொர்க்கில் முழு வேகத்தில் நிரப்பினாலும் நோடு ஒன்றுக்குப் பதினோரு மணி நேரத்தை ஒட்டி வரும். 96 நோடு. அதனால் நாங்கள் நடுவழியை எடுத்தோம்: இயங்குதளம் உள்ள டிஸ்க்கை மட்டும் புது இமேஜால் அழித்து எழுதுவது, டேட்டா டிஸ்க்குகளைத் தொடாமல் அப்படியே திரும்ப மவுன்ட் செய்வது. இது நன்றாக வேலை செய்கிறது.

பாதுகாப்பு பேட்ச் ஒரு வகை என்றால், ஹெச்டிஎஃப்எஸ்ஸின் வெர்ஷனையே உயர்த்துவது வேறு வகை. 2.4.0 வெர்ஷனில் ரோலிங் அப்கிரேட் வந்தது. அதற்கு முன்பு மொத்த கிளஸ்டரையும் நிறுத்திவிட்டுத்தான் செய்ய வேண்டும். இப்போது 'பிரிப்பேர்' என்று சொன்னால் நேம்நோடு திரும்பி வருவதற்கான ஓர் இமேஜை (மெட்டாடேட்டாவின் பிரதி) எடுத்து வைக்கும். பிறகு ஸ்டாண்ட்பை நேம்நோடை உயர்த்தி, பொறுப்பை அதற்கு மாற்றி, மற்றதை உயர்த்தி, அப்புறம் டேட்டாநோடுகள். இறங்கி வருவதாக இருந்தால் வரிசை தலைகீழ்: முதலில் டேட்டாநோடுகள், பிறகு நேம்நோடுகள். பழைய டேட்டாநோடு புதிய நேம்நோடோடு பேசும்; புதிய டேட்டாநோடு பழைய நேம்நோடோடு பேசும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஏறும் பிளேபுக்கை அப்படியே வெர்ஷன் எண்ணை மட்டும் மாற்றி இறங்கப் பயன்படுத்தினால் இங்கேதான் அடிபடும். இறங்கும் பிளேபுக்கைத் தனியாக எழுதி, ஏறும் பிளேபுக்கைச் சோதிக்கும் ஒவ்வொரு முறையும் அதையும் சோதிக்கிறோம்.

கடைசியில் 'ஃபைனலைஸ்'. அதைச் சொல்லும்வரை, நீக்கிய பிளாக்குகளை டேட்டாநோடு உண்மையில் அழிக்காது. திரும்பிப் போக நேர்ந்தால் வேண்டுமே என்று ஒரு குப்பைக்கூடையில் போட்டு வைத்திருக்கும். இது தெரியாமல் இரண்டு வாரம் ஃபைனலைஸ் செய்யாமல் விட்டிருந்தோம். யார் எவ்வளவு நீக்கினாலும் டிஸ்க் இறங்கவில்லை. பயனர்கள் 'பழையதை எல்லாம் எடுத்துவிட்டோம், இடம் எங்கே' என்று கேட்டபடி இருந்தார்கள். இப்போது அப்கிரேட் திறந்திருக்கும் நாட்களை டாஷ்போர்டில் பெரிய எழுத்தில் காட்டுகிறோம். ஆனால் ஃபைனலைஸ் பொத்தானைத் தானியக்கத்திடம் கொடுக்கவில்லை. அதன் பிறகு திரும்ப வழி கிடையாது. மாதக் கடைசிக் கணக்குகள் ஒருமுறையாவது புதிய வெர்ஷனில் ஓடி முடிந்ததை ஒரு மனிதர் பார்த்த பிறகு அவரே அழுத்துகிறார்.

மற்ற சர்வீசுகளுக்கும் இதே கேள்விதான், பதில்தான் வேறு வேறு. ஜூகீப்பரில் (சர்வர்களை ஒருங்கிணைக்கும் சேவை) ஃபாலோயர்களை முதலில், லீடரைக் கடைசியில். காஃப்காவில் (செய்திகளைக் கடத்தும் அமைப்பு) நகல் குறைந்த பார்ட்டிஷன் (தரவின் பங்கு) பூஜ்யத்துக்கு வரும்வரை அடுத்த புரோக்கரை, அதாவது காஃப்கா சர்வரை, தொடக் கூடாது. அதோடு, ஜூகீப்பரை நம்பி இருந்த காஃப்காவில் வெர்ஷன் உயர்த்துவதே இரண்டு சுற்று. முதல் சுற்றில் புது மென்பொருள், ஆனால் புரோக்கர்கள் தங்களுக்குள் பழைய மொழியில் பேசும்; எல்லாம் மாறிய பிறகு இரண்டாம் சுற்றில் புது மொழிக்கு மாற்ற வேண்டும். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் முடிக்கும் ஆசை வரும். நாங்கள் நடுவே ஒரு வாரம் விடுகிறோம், அந்த வாரம்தான் திரும்பிப் போகும் உரிமை. எலாஸ்டிக்சர்ச்சில் (தேடல் அமைப்பு) நோடை நிறுத்தும் முன் ஷார்டுகள் (தரவின் பங்குகள்) இடம் மாறாதபடி தடுத்துவிட்டு, பிறகு மறக்காமல் தடையை எடுக்க வேண்டும். ஸ்கிரிப்ட் நடுவில் நின்றுபோனால் தடை அப்படியே இருந்துவிடும் என்பதால், தடையை எடுக்கும் வரி எப்படி முடிந்தாலும் ஓடும் இடத்தில் இருக்க வேண்டும்.

குபர்னெட்டிஸ் (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் கருவி) இதை எல்லாம் தீர்த்துவிட்டது என்று சொல்கிறார்கள். பாதி உண்மை. அதிலுள்ள ஸ்டேட்ஃபுல்செட் தன் பாட்களை (ஓடும் நிரல் பிரதிகள்) பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணுக்கு ஒவ்வொன்றாக மாற்றும், ஒன்று தயார் என்று சொன்ன பிறகே அடுத்தது. ஆனால் 'தயார்' என்பதற்கு என்ன பொருள் என்று நாம்தான் எழுத வேண்டும். அங்கே வெறும் போர்ட்டைப் பார்க்கும் ரெடினஸ் புரோபை (தயாரா என்று கேட்கும் சோதனை) எழுதினால், அது என் ஸ்லீப் 60ஐவிட ஒரு படியும் மேல் இல்லை. 2016ல் கோர்ஓஎஸ் நிறுவனம் முன்வைத்த ஆபரேட்டர் என்ற எண்ணம் எனக்குப் பிடிப்பதும் இதனால்தான்: ஒரு சர்வீசை எப்படிப் பக்குவமாக நகர்த்துவது என்ற அனுபவ அறிவை நிரலாகவே எழுதி அதன் பக்கத்தில் உட்கார வைப்பது.

ஆன்சிபிள் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சீரியல் (ஒரே சமயத்தில் எடுக்கும் நோடுகளின் எண்ணிக்கை) 1 என்றிருக்கும்போது ஒரு நோடு தோற்றால் ஓட்டம் நின்றுவிடும். அதையே 12 என்று மாற்றினால், பன்னிரண்டில் ஒன்று தோற்றாலும் அதை விட்டுவிட்டு மற்றவற்றோடு தொடர்ந்து போகும். தோற்ற ஒவ்வொன்றும் பின்னால் குவிந்துகொண்டே வரும். தோல்வி அனுமதி சதவீதத்தைப் பூஜ்யம் என்று வைத்தால்தான் ஒன்று தோற்றதும் நிற்கும். தொகுதியைப் பெரிதாக்கும் அன்றே இதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

எங்கள் உழைப்புக்கு உண்மையான சோதனை 2021 டிசம்பரில் வந்தது. லாக்4ஜே என்ற ஜாவா லாக் நூலகத்தின் ஓட்டை, சிவிஇ-2021-44228. லாகில் பதிவாகும் ஒரு வரி எழுத்தைக்கொண்டே வெளியாள் சர்வரில் தன் நிரலை ஓட்ட முடியும். முதல் கேள்வி, எங்கே இருக்கிறது என்பதே. ஹடூப் (ஹெச்டிஎஃப்எஸ் இதன் பகுதி), காஃப்கா போன்றவை பெரும்பாலும் பழைய 1.x வகையைப் பயன்படுத்தியதால் இந்த ஓட்டை அவற்றில் இல்லை. ஹைவ், ஃப்ளிங்க், சோலர், எலாஸ்டிக்சர்ச் பக்கம் 2.x இருந்தது. அதைவிடச் சிரமம், பயனர்கள் தங்கள் ஜார் கோப்புக்குள் (ஜாவா நிரல் பொதி) பொதிந்து கொண்டுவந்த பிரதிகள். பேக்கேஜ் பட்டியலில் அவை தெரியாது. ஒவ்வொரு நோடிலும் ஒவ்வொரு ஜாரையும் பிரித்து உள்ளே தேடும் வேலையை எழுதி ஓட்டினோம். அந்தத் தேடல் இன்றும் வாரம் ஒருமுறை ஓடுகிறது.

2.15 வந்தது, போட்டோம். அது முழுதாக அடைக்கவில்லை என்று 2.16. பிறகு 2.17.0. மாதம் முடிவதற்குள் 2.17.1. நான்கு முறை, ஒரே மாதத்தில், பாதிக்கப்பட்ட எல்லா சர்வீசும். முதல் சுற்றுக்கு எங்களுக்கு மூன்று நாள் ஆனது. அதில் பெரும்பகுதி தேடுவதற்கு. நான்காவது சுற்று ஒரு பிற்பகலில் முடிந்தது. யாரும் கண் விழிக்கவில்லை, எந்த வேலையும் விழவில்லை. அந்த மாதம் கையால் அப்டேட் செய்துகொண்டிருந்தவர்களை நினைத்து எனக்கு மனம் கனத்தது. மூன்றாவது சுற்றில் களைப்பில் ஒரு நோடை விட்டுவிடுவது மனித இயல்பு. ஆனால் ஓட்டை எந்த நோடில் மிச்சம் இருந்தாலும் ஓட்டைதான்.

விட்டுப்போகும் நோடைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும். நடு இரவில் ஒரு நோடு மெமரி போதாமல் திணறும். அழைப்பில் இருப்பவர் உள்ளே போய் ஹீப் (ஜாவாவுக்கு ஒதுக்கும் மெமரி) அளவைக் கையால் கூட்டிவிட்டு வருவார். அவர் செய்தது சரி. காலையில் அதை கிட்டில் (பிளேபுக் மாற்றங்களைப் பதியும் இடம்) எழுத மறப்பார். அடுத்த மாதம் பிளேபுக் ஓடும்போது அந்த எண் பழையபடி குறையும், நோடு மறுபடி திணறும், காரணம் யாருக்கும் புரியாது. இதற்காகத் தினமும் விடியற்காலை பிளேபுக்கைச் செக் மோடில் ஓட்டுகிறோம். எதையும் மாற்றாது, எங்கே வித்தியாசம் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அந்தப் பட்டியலை வைத்து யாரையும் குறை சொல்வதில்லை என்று ஆரம்பத்திலேயே பேசி முடிவெடுத்தோம். குறை சொன்னால் அடுத்த முறை அழைப்பில் இருப்பவர் கை வைக்கத் தயங்குவார், அது இன்னும் மோசம். வித்தியாசம் நல்லதென்றால் கிட்டுக்குப் போகும், இல்லையென்றால் பிளேபுக் அழித்துவிடும்.

போன மாதம் கர்னல் அப்டேட். அதே 96 நோடு, இரவு பத்துக்கு ஆரம்பம். ஸ்கிரிப்டில் உண்மையாக வேலை செய்யும் வரிகள் முப்பதுக்குள்தான். மீதி எல்லாம் கேட்பது, காத்திருப்பது, ஒப்பிடுவது. நான் பதினொரு மணிக்குத் தூங்கப் போய்விட்டேன். ஒன்று நாற்பதுக்கு ஆறாவது ரேக்கில் ஒரு நோடு ரீபூட் ஆகி வந்தது. போர்ட் திறந்தது, நேம்நோடின் பட்டியலிலும் ஏறியது. ஆனால் பிளாக் எண்ணிக்கை முன்பு குறித்ததைவிட பன்னிரண்டில் ஒரு பங்கு குறைவாகவே நின்றது. 25 நிமிடம் கேட்டுப் பார்த்துவிட்டு ஸ்கிரிப்ட் நின்றது. அவசரமில்லை என்ற குறியோடு ஒரு செய்தி அனுப்பியது. யாருடைய போனும் அலறவில்லை. காலையில் பார்த்தால் அந்த நோடில் ஒரு டிஸ்க் போயிருந்தது. அதிலிருந்த பிளாக்குகளுக்கு கிளஸ்டர் இரவிலேயே வேறு நகல் எடுத்து முடித்திருந்தது. டிஸ்க்கை மாற்றி, விட்ட இடத்திலிருந்து ஓட்டினோம். மீதம் 30 நோடு.